காலைப் பிடித்து முன்னேறியவர்

தலைப்பைப் பார்த்ததும் நம் அன்பர்களில் பலருக்கு ஏதேனும் ஓர் ஆபீஸும் அதில் ஏதேனும் ஒரு முகமும் நினைவுக்கு வந்திருக்கும். அந்தக் காலைப் பிடித்தலைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. கபடிக் களத்தில், மூச்சடக்கிப் பாடி வருகிறவனின் கணுக்காலைப் பிடிப்பதையே தொழிலாகக் கொண்டு, நாற்பத்தாறு வயது வரை ஆடி, பிறகு பயிற்சியாளராகவும் ஆன ஒரு தமிழரைப் பற்றியது இக்கட்டுரை. பெயர் தர்மராஜ் சேரலாதன். தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர்.

மாணவர் பகுதிக்கு அறிவியல் சார்ந்த பாடம் ஒன்று எழுதித் தரும்படி ஆசிரியர் குழுவினர் கேட்டார்கள். இரயில்வேயில் பெர்மனென்ட் வே பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். டிப்ளமா படிப்பில் கற்ற விசையியலை ஸ்லீப்பருக்கும் தண்டவாளத்துக்கும்தான் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் எங்கள் வடகரப்பதிப் பக்கம் கடலை பிடுங்கி முடிந்த கரிசல் காட்டில் பையன்கள் கோடு கிழித்துச் சடுகுடு ஆடுவதைத் தினமும் மாலையில் பார்க்கிறேன். அந்த விசையியல் முழுவதும் அங்கேயே இருக்கிறது. பாலக்காட்டிலும், மூணாறு எஸ்டேட்டுகளிலும், அதற்கும் அப்பால் வெளியூர்களிலும் இருக்கும் நம் குடும்பத்துப் பிள்ளைகள் இந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில்தான் பார்க்கிறார்கள். அவர்களுக்குத் தெரிவதெல்லாம் பாடிப் போகிறவர்களின் பெயர்கள். பிடிக்கிறவன் பெயரைக் கேட்டால் விழிக்கிறார்கள். ஆகவே இந்தப் பாடத்தைப் பிடிக்கிறவன் பக்கத்திலிருந்து தொடங்குவோம்.

முதலில் களத்தின் அளவு. ஆண்கள் ஆட்டத்தில் மொத்த நீளம் 13 மீட்டர், அகலம் 10 மீட்டர். நடுக்கோடு அதை இரண்டாகப் பிரிக்கிறது. நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் ஒரு கோடு. அதற்கு ‘பாக் லைன்’ என்று பெயர். யாரையும் தொடாத ரைடர் அதையாவது தாண்டிவிட்டுத்தான் திரும்ப வேண்டும். அதற்கும் 1 மீட்டர் பின்னால் போனஸ் கோடு. எதிரில் ஆறு பேரோ ஏழு பேரோ நிற்கும்போது ஒரு காலை இந்தக் கோட்டுக்கு அப்பால் வைத்து, மறு காலைத் தரையிலிருந்து தூக்கிவிட்டால் யாரையும் தொடாமலே ஒரு புள்ளி கிடைக்கும். ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. பக்கத்துக்கு ஏழு பேர். இரண்டு ஓரங்களிலும் ஆழமாக நிற்பவர்களுக்குக் கார்னர் என்று பெயர், சற்று முன்னால் நிற்பவர்கள் கவர். சேரலாதன் வலது கார்னர்.

இப்போது ஒரு கணக்கு. 80 கிலோ எடையுள்ள ரைடர் ஒருவர் விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் நடுக்கோட்டை நோக்கிப் பாய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எடையை வேகத்தால் பெருக்கினால் 320. இதைத்தான் பாடப் புத்தகத்தில் உந்தம் என்கிறார்கள். அதே 80 கிலோ எடையுள்ள ஒருவர் அசையாமல் நின்று அவரை மார்போடு கட்டிப் பிடிக்கிறார். உந்தம் அப்படியே இருக்கும். எடை மட்டும் 160 ஆகிவிடும். 320ஐ 160ஆல் வகுத்தால் 2. அதாவது இருவரும் சேர்ந்து விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் நடுக்கோட்டை நோக்கியே போய்க்கொண்டிருப்பார்கள்! இன்னொருவர் சேர்ந்தால் வேகம் 1.33 ஆகும், நான்காவது ஆள் சேர்ந்தால் 1. தரையின் உராய்வும் எதிர்த்து ஊன்றும் கால்களும் உதவும் என்பது உண்மைதான். ஆயினும் பலத்தால் மட்டும் தனி ஆளாக நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பது இந்தக் கணக்கிலிருந்து விளங்கும். கையோடு கை கோத்து நிற்கிறார்களே, அது அழகுக்காக அல்ல. ரேக்கில் கப்ளிங் தளர்ந்திருந்தால் வண்டி எப்படி உதறுமோ, அப்படித்தான் கைச்சங்கிலி தளர்ந்த அணியும். ஒருவர் பாய, மற்றவர் அரை விநாடி தாமதித்துப் பாய, இருவரையும் இழுத்துக்கொண்டு ரைடர் கோட்டைத் தொட்டுவிடுவார்.

தனி ஆளாகப் பிடித்தே ஆகவேண்டும் என்றால் என்ன செய்வது? இங்கேதான் கணுக்கால் வருகிறது. நிற்கும் மனிதனின் எடை முழுவதும் தொப்புளுக்குச் சற்றுக் கீழே ஓரிடத்தில் குவிந்திருப்பதாகக் கொள்ளலாம். அதுவே ஈர்ப்பு மையம். தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும். ஓடுகிறவன் விழாமல் இருப்பதற்குக் காரணம், அந்த மையம் முன்னே போகும்போதெல்லாம் அவன் ஒரு காலை அதற்கும் முன்னே கொண்டுபோய் ஊன்றிக்கொள்வதுதான். அந்தக் காலை வரவிடாமல் பிடித்துவிட்டால் போதும். உடம்பு தன் வேகத்தில் முன்னே போகும், கால் பின்னே நிற்கும், ஆள் விழுவான். அவனுடைய வேகமே அவனைத் தள்ளிவிடுகிறது. பிடிக்கிறவன் செலவிடுவது தன் பிடியை விடாமல் இருப்பதற்கான பலத்தை மட்டுமே.

ஆனால் விழுந்தால் மட்டும் போதாது. எங்கே விழுகிறான் என்பது முக்கியம். 1.75 மீட்டர் உயரமுள்ளவன் கையை நீட்டிக்கொண்டு முன்னால் விழுந்தால் பாதத்திலிருந்து விரல் நுனி வரை ஏறக்குறைய 2.2 மீட்டர் இருக்கும். நடுக்கோட்டிலிருந்து 2 மீட்டரில் கணுக்காலைப் பிடித்தால் விழுகிற வேகத்திலேயே விரல் கோட்டைத் தொட்டுவிடும்! பிடித்தவன் உட்பட ரைடர் மேல் கை வைத்த எல்லாரும் அவுட். போனஸ் கோட்டருகே, 4.75 மீட்டரில் பிடித்தால் விரலுக்கும் கோட்டுக்கும் இடையே இரண்டரை மீட்டர் மிச்சம் இருக்கும். கணுக்கால் பிடி கார்னர்காரர்களுடைய சொத்தாகவும், தொடைப் பிடி, குறுக்கே மறிக்கும் பிளாக், தோளால் மோதி வெளியே தள்ளும் டாஷ் ஆகியவை கவர்காரர்களுடைய சொத்தாகவும் ஆனதற்கு இதுவே காரணம் என்பது என் கணிப்பு. கோடு அருகில் வர வர, ஆளை விழவைப்பதைவிட வழியை அடைப்பதே மேல்.

ரைடரின் கால் எப்போது பிடிக்குத் தோதாகக் கிடைக்கும்? போனஸ் எடுக்க ஒரு காலை நீட்டி மறு காலைத் தூக்கும்போது அவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். அந்த நேரத்தில் அவரைத் தாங்குவது ஓர் உள்ளங்கால் அகலம் மட்டுமே. அரை விநாடிகூட நீடிக்காத நிலை அது. கண்ணால் பார்த்து மூளை உத்தரவிட்டுக் கை அசைவதற்கே ஐந்தில் ஒரு பங்கு விநாடி ஆகிவிடும். ஆகவே கால் வந்த பிறகு பார்த்துப் பாய்ந்தால் நேரம் போதாது. வரும் என்று தெரிந்து பாய வேண்டும். வரவில்லையென்றால்? பாய்ந்தவர் தரையில் கிடப்பார், ரைடர் அவர் முதுகைத் தொட்டுவிட்டுப் போய்விடுவார். இதில் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். ரைடர் புள்ளி எடுக்காமல் திரும்பினால் பெரிய நட்டம் இல்லை. தொடர்ந்து மூன்றாவது தடவையில்தான் கட்டாயம். பிடிப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒருமுறை தொட்டால் ஒன்று பிடிக்க வேண்டும், இல்லையேல் வெளியேற வேண்டும்.

எங்கள் தொழிலில் கீமேன் என்று ஒருவர் உண்டு. தினமும் தமக்கு ஒதுக்கிய தூரத்தைத் தண்டவாளத்தோடு நடந்து, தளர்ந்த சாவியைச் சுத்தியலால் தட்டி இறுக்குவது அவர் வேலை. நல்ல கீமேன் ஒவ்வொரு சாவியையும் உற்றுப் பார்ப்பதில்லை. நடந்துகொண்டே இருப்பார், ஓரிடத்தில் நிற்பார், அங்கே ஒன்று தளர்ந்திருக்கும். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சேரலாதன் ஆட்டத்தைப் பார்க்கும்போது எனக்கு அந்த நினைவுதான் வரும். ரைடர் பாடிக்கொண்டு இடமும் வலமும் அலைவார். இளைஞர்கள் எல்லாம் துள்ளிக்கொண்டிருப்பார்கள். இவர் அரை அடி நகர்வார், நிற்பார். எதிராளி எந்தத் தோளைச் சாய்க்கிறார், எந்தப் பாதத்தின் குதிகால் தூக்குகிறது என்று பார்த்தபடியே இருப்பார். பிறகு ஒரே பாய்ச்சல்.

அவருடைய வயதைச் சொன்னால்தான் இதன் அருமை புரியும். பிறந்தது 1975இல். புரோ கபடி லீக் 2014இல் தொடங்கியபோது அவருக்கு 39 வயது. கபடி வீரர்கள் பெரும்பாலும் முழங்காலைத் தடவிக்கொண்டு வேலைக்குப் போகும் வயது அது. இவர் அப்போதுதான் நாடறிய ஆடத் தொடங்கினார். முதலில் பெங்களூரு அணி. 2016இல் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைவர். அவ்வாண்டு ஜூலை 31ஆம் தேதி ஐதராபாத் கச்சிபௌலி அரங்கில் நடந்த இறுதிப் போட்டியில் ஜெய்ப்பூரை 37–29 என்று வென்று கோப்பையை வாங்கினார்கள். அந்த அணியின் புகழ்பெற்ற ரைடர் பர்தீப் நர்வாலுக்கு அப்போது வயது 19, தலைவருக்கு 41. வடநாட்டுப் பையன்கள், வர்ணனையாளர்கள் உட்பட எல்லாருக்கும் அவர் ‘அண்ணா’தான். நம்மூர்ச் சொல் ஒன்று பாட்னாவரை போய்ச் சேர்ந்தது கபடியால்.

அதே அணியில் இடது கார்னரில் நின்றவர் ஈரான் நாட்டு ஃபசல் அத்ராச்சலி. அவ்வாண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் உலகக் கோப்பை நடந்தபோது இருவரும் எதிரெதிர் அணிகளில். முதல் ஆட்டத்திலேயே கொரியாவிடம் 32–34 என்று தோற்ற இந்தியா, இறுதியில் ஈரானை 38–29 என்று வென்றது. இடைவேளையில் ஈரான்தான் முன்னிலையில் இருந்தது. உலகக் கோப்பை வென்ற அணியில் 41 வயதில் ஒருவர் இடம்பெற்றிருந்தார் என்பதை நம் பிள்ளைகள் குறித்துக்கொள்ளட்டும். 2018இல் யு மும்பா அணியில் இருவரும் மீண்டும் ஒன்று சேர்ந்தார்கள். ஃபசலுக்கு அவ்வாண்டு ஏலத்தில் 1 கோடி ரூபாய். அந்த லீக்கில் ஒரு கோடியை முதலில் தொட்ட ஆட்டக்காரர் அவர்தான். அதாவது ஒரு பிடிப்பாளர். இருந்தாலும் அந்த நிலை நீடிக்கவில்லை. அதே ஏலத்திலேயே ரைடர் ஒருவர் அவரைத் தாண்டினார். 2023இல் பவன் செராவத் என்ற ரைடருக்கு 2 கோடியே 60 லட்சத்துக்கும் மேல் போனது.

சேரலாதன் 2019இல் ஹரியானா அணிக்குத் தலைமை ஏற்றார். 2021 டிசம்பரில் தொடங்கிய பருவத்தில் 46 வயதில் ஜெய்ப்பூர் அணியில் இருந்தார். அதன் பிறகு களத்தை விட்டு வெளியே வந்தார். 2024இல் தமிழ் தலைவாஸ் அணி அவரைத் தலைமைப் பயிற்சியாளராக அறிவித்தது. மூத்தவரான உதயகுமார் வியூகப் பயிற்சியாளராக உடன் இருந்தார்.

இதோடு கதையை நிறுத்தினால் இனிப்பாக இருக்கும். நடந்தது வேறு. அப்பருவ ஏலத்தில் தலைவாஸ் அணி சச்சின் தன்வர் என்ற ரைடருக்கு 2 கோடியே 15 லட்சம் கொடுத்தது. ஏலத்திலேயே அதிக விலை அதுதான். ஆனால் அணி முதல் ஆறு இடங்களுக்குள் வரவில்லை. மறு ஆண்டு பயிற்சியாளர் மாறிவிட்டார். நம்மவர் ஒருவர் வந்தும் இப்படி ஆயிற்றே என்று பலர் வருந்தினார்கள், சிலர் வேறு விதமாகவும் பேசினார்கள். 2017இல் லீக்கில் சேர்ந்த அந்த அணி அரையிறுதி வரை போனது 2022இல் ஒருமுறைதான். அப்போதும் புனேயிடம் 37–39 என்று இரண்டு புள்ளியில் தோற்றது. ஆகவே பழியை ஒருவர் தலையில் கட்டுவது நியாயம் அல்ல. எனினும் கேள்வி கேட்காமலும் இருக்க முடியாது. இத்தனை ஆண்டு களத்தில் நின்று மற்றவர்களை வழிநடத்தியவருக்கு, வெளியே உட்கார்ந்து வழிநடத்துவது ஏன் கடினமாக இருக்கிறது?

அமெரிக்காவில் இருக்கும் நம் வாசகர்களுக்கு மைக் சிங்கிள்டரி பெயர் தெரிந்திருக்கும். அந்நாட்டுக் கால்பந்தில் சிகாகோ பேர்ஸ் அணிக்கு 1981 முதல் 1992 வரை தடுப்பில் ஆடியவர். மோதினால் எதிராளி எழுந்திருக்க நேரமாகும் என்று பெயர் எடுத்தவர். 1986 ஜனவரியில் அவர் அணி 46–10 என்று இறுதிப் போட்டியை வென்றது. 1998இல் புகழரங்கில் இடம் கொடுத்தார்கள். பிறகு 2008இல் சான் பிரான்சிஸ்கோ அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர். 18 வெற்றி, 22 தோல்வி. 2010 டிசம்பரில் வெளியே அனுப்பிவிட்டார்கள். கடல் கடந்தும் அதே கதைதான். அங்கே தடுப்பு என்பது தலைக்கவசத்தோடு மோதுவது. இங்கே பிடிப்பது. கழுத்தையோ முடியையோ உடையையோ பிடிக்கக் கூடாது, இரு கால்களால் கத்தரிக்கோல் போடக் கூடாது, வாயைப் பொத்திப் பாட்டை நிறுத்தக் கூடாது என்றெல்லாம் நம் ஆட்டத்தில் விதி இருக்கிறது. ஆட்டங்கள் வேறு, பயிற்சியாளர் நாற்காலி ஒன்றே.

என் எண்ணம் இது. களத்தில் நிற்கும் மூத்த ஆட்டக்காரன் பக்கத்தில் நிற்பவனின் மணிக்கட்டை அழுத்தியே பாடம் சொல்லிவிடலாம். ‘இப்போது’ என்று வாயால் சொல்வதற்குள் அந்த நேரம் போய்விடும். கைப்பிடியில் சொன்னால் போகாது. கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தவனுக்கு அந்தக் கை இல்லை. தான் உடம்பால் அறிந்ததைச் சொல்லாக மாற்றி, முந்தின நாளே சொல்லி வைக்க வேண்டும். கீமேனைச் சூப்பர்வைசர் ஆக்கினால் அவர் முதலில் திணறுவதும் இதனால்தான்.

அதற்காக அந்த அறிவு கைமாறாது என்று சொல்லவே முடியாது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டைப் பாருங்கள். 1990இல் பெய்ஜிங்கில் கபடி சேர்க்கப்பட்டது முதல் தொடர்ந்து ஏழு தங்கம் வாங்கிய நம் ஆண்கள் அணி, அரையிறுதியில் ஈரானிடம் 18–27 என்று தோற்றது. மறுநாள் பெண்கள் இறுதியிலும் ஈரானுக்கே தங்கம். அந்தப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் ஷைலஜா ஜெயின், நம் நாட்டு நாசிக் நகரத்தவர்! சொல்லித்தர ஒருவரும் காது கொடுக்கச் சிலரும் இருந்தால் சடுகுடு பாரசீக மொழியிலும் போய்ச் சேரும்.

இடையில் ஒரு செய்தி. கேரளத்திலேயே பெரிய கபடிப் பயிற்சியாளர் ஒருவர் இருக்கிறார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. காசர்கோடு பக்கத்து எடச்சேரி பாஸ்கரன். 2015இல் கோப்பை வென்ற யு மும்பாவின் பயிற்சியாளர். 2018இல் தமிழ் தலைவாஸுக்கும் வந்தார். தமிழ்நாட்டிலும் ஒரு பாஸ்கரன், காசிநாதன் பாஸ்கரன். 2014 முதல் பருவ இறுதியில் ஜெய்ப்பூர் பக்கம் ஒரு பாஸ்கரன், மும்பை பக்கம் ஒரு பாஸ்கரன். எந்தப் பாஸ்கரன் வென்றார் என்று எங்களூர் டீக்கடையில் ஒரு வாரம் வாதம் நடந்தது. வென்றது காசிநாதன் பாஸ்கரன்.

மறுபடி எங்கள் கடலைக் காட்டுக்கு வருகிறேன். அங்கே ஆடும் பையன்களில் பாடிப் போக எல்லாருக்கும் ஆசை. கார்னரில் நிற்கச் சொன்னால் முகம் சுண்டிப் போகிறது. வீட்டாருக்கும் தயக்கம் உண்டு, அது நியாயமானதே. மண்ணில் கால் வழுக்கும், மேட்டில் காலணி பற்றிக்கொள்ளும். உடம்பு திரும்பிப் பாதம் திரும்பாவிட்டால் முறுக்கு முழுவதும் முழங்காலுக்குப் போகும். முழங்கால் தசைநார் அறுந்து இருபத்தைந்து வயதில் ஆட்டத்தை விட்டவர்களை நான் இரயில்வேயிலேயே பார்த்திருக்கிறேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்தவர்கள், நொண்டிக்கொண்டு ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவார்கள். ஒருவர் எனக்குக் கீழ் வேலை பார்த்தார். தண்டவாளத்தைத் தூக்கும் இடத்தில் எல்லாரும் முதுகை வளைத்து இழுக்க, அவர் மட்டும் இடுப்பைத் தாழ்த்தி, கால்களை அகல வைத்து, முழங்காலைப் பாதம் பார்க்கும் திசையிலேயே வைத்துத் தூக்குவார். ‘கார்னர்ல நின்னவனுக்கு முதல் பாடம் இதுதான் சார்’ என்பார். அந்தப் பாடம் அவருக்கே சற்றுத் தாமதமாகத்தான் கிடைத்ததாம்.

ஆகவே பிள்ளைகளுக்கு வீட்டில் செய்து பார்க்க மூன்று சோதனைகள் தருகிறேன். பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும். புல் தரையோ மணலோ வேண்டும். சிமென்ட் தரையும் மொசைக்கும் கூடாது.

முதலாவது: நடுக்கோடு ஒன்று கிழித்து, அங்கிருந்து 3.75 மீட்டரிலும் 4.75 மீட்டரிலும் டேப்பால் அளந்து கோடு போடுங்கள். போனஸ் கோட்டிலிருந்து ஓடி நடுக்கோட்டைத் தொட எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். அண்ணன், தம்பி, அப்பா எல்லாருக்கும் பார்த்து எழுதி வையுங்கள்.

இரண்டாவது: ஒருவர் இரு கால்களையும் அகட்டி நிற்கட்டும். மற்றவர் தோளில் ஒரு விரலால் மெல்லத் தள்ளட்டும். பிறகு அவர் ஒற்றைக் காலில் நிற்க, அதே விரலால் அதே அளவு தள்ளிப் பாருங்கள். கால் எப்போது ஊன்றப்படுகிறது என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாவது பார்வைக்கு உரியது. அடுத்த முறை தொலைக்காட்சியில் கபடி வரும்போது ஐந்து நிமிடம் ரைடரைப் பார்க்காதீர்கள். வலது கார்னரில் நிற்பவரை மட்டும் பாருங்கள். எத்தனை முறை பாய்ந்தார் என்பதை ஒரு பத்தியிலும், பாய வந்து பாயாமல் நின்றது எத்தனை முறை என்பதை மறு பத்தியிலும் கோடு போட்டுக் குறியுங்கள். இரண்டாவது பத்தி நீளமாக இருந்தால், அது ஏன் என்று ஒரு பக்கத்துக்குள் தமிழில் எழுதி அனுப்புங்கள்.